மலைநாட்டில் வைத்தியக் குழு: யார் யாருக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்?

கேள்வி கேட்டிருப்பவர் லிந்துலைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து பல்கலைக்கழகத் தெரிவுப் படிவத்தை நிரப்பக் காத்திருக்கிறார். பேராதனையில் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியியல், மருந்தகவியல், இயன்மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கதிர்ப்படவியல் என்று ஐந்து பட்டப்படிப்புகள் உண்டு. அவர் கேட்பது இது: "குடும்ப மருத்துவத்திலும் நோய்த் தடுப்பிலும் டொக்டரையும் மிட்வைஃபையும் விட்டால் மற்றவர்களுக்கு உண்மையில் வேலை இருக்கிறதா? குழுவாகச் சேர்ந்து செய்வது என்பது வகுப்பில் சொல்லும் கதைதானா? எங்கள் பக்கமே திரும்பி வந்து வேலை செய்ய எதைத் தெரிவு செய்யலாம்?"

வேலை இருக்கிறது தங்கச்சி, நிறையவே இருக்கிறது. குழுவும் இருக்கிறது, ஆனால் அது தானாக ஓடுவதில்லை. நான் மலைநாட்டில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் மருந்தாளராக இருப்பவன். மருந்தக யன்னலுக்கு உள்ளே நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. டொக்டர் எழுதியது, எம்.எல்.டி. என்று நாங்கள் சொல்லும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் பரிசோதித்துச் சொன்னது, மிட்வைஃப் வீட்டுக்குப் போய்ச் சொன்னது, ஆள் வீட்டில் உண்மையாகச் செய்வது, இவ்வளவும் ஒரே கிளினிக் கொப்பியோடு அவன் முன்னால் வந்து நிற்கும். அவை ஒன்றோடொன்று பொருந்தாத நாள்தான் அதிகம். யாருடைய படிப்பிலும் குறையில்லை. ஒருவர் கண்டது மற்றவருக்குத் திரும்பிப் போவதில்லை, அவ்வளவுதான். அனுப்பி வைப்பதை எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறோம். அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்வதைத்தான் யாரும் செய்வதில்லை.

இதற்குக் காரணம் பழையது. நம் பக்கத்தில் ஒரே குடும்பத்தின் ஆரோக்கியத்தை மூன்று நிர்வாகங்கள் பார்க்கின்றன. முதலாவது எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுதான் இதன் ஆரம்பம். இன்றைக்கு நாடு முழுவதும் இதே அமைப்புத்தான்: சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதார தாதிச் சகோதரி, மேற்பார்வை மிட்வைஃப், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ., ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டு நியமிக்கப்படும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர், அதாவது நாங்கள் மிட்வைஃப் அம்மா என்று கூப்பிடுபவர். வருத்தம் வரும் முன்னே வீட்டுப் படியேறுகிறவர்கள் இவர்கள். இரண்டாவது ஆஸ்பத்திரி. வருத்தம் வந்த பிறகு ஆள் தேடி வரும் இடம். மருந்தாளர், எம்.எல்.டி., பிசியோ என்னும் இயன்மருத்துவர், எக்ஸ்ரே எடுப்பவர், தாதியர் எல்லோரும் இங்கே. மூன்றாவது தோட்டம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. அந்த மரபில் வந்ததுதான் தோட்ட டிஸ்பென்சரியும், அதில் இருக்கும் தோட்ட வைத்திய உதவியாளரும், அதாவது நாங்கள் டிஸ்பென்சரி ஐயா என்பவரும். 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போனபோது உருவான நிதியம்தான் இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளை மடுவம் ஆகியவற்றைப் பார்க்கிறது. பிள்ளை மடுவத்தில், அதாவது தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையை விடும் இடத்தில், இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

மூன்று நிர்வாகம் என்றால் மூன்று சம்பளப் பட்டியல், மூன்று மேலதிகாரி வரிசை, மூன்று வகைப் பதிவேடு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் ஓர் அம்மாவுக்கு இந்தப் பிரிவினை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவரைப் பற்றிய விபரம் மூன்றாகக் கிழிந்து மூன்று அலுமாரியில் கிடக்கிறது. பல தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகும் இந்தக் கிழிசல் தைக்கப்படவில்லை.

2018இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட கொள்கை, ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர் என்ற கணக்கையும், ஒரு பெரிய வைத்தியசாலையைச் சுற்றியிருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளை ஒரே கொத்தணியாக்கி ஆய்வுகூடம், மருந்து முதலியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டையும் முன்வைத்தது. நல்ல யோசனை. இரத்த மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் முடிவு திரும்பி வந்தால், ஆள் ஒரு நாள் வேலையை விட்டு பஸ் ஏற வேண்டியதில்லை. நம் மலைப் பாதைகளில் இதன் பெறுமதி என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கொள்கை ஆஸ்பத்திரிகளைத்தான் இணைத்தது. மிட்வைஃபையும் டிஸ்பென்சரியையும் பிள்ளை மடுவத்தையும் அந்தக் கொத்துக்குள் கொண்டுவருவது அங்கங்கே இருக்கும் ஆள்களின் கையில்தான் விடப்பட்டிருக்கிறது.

குழு என்றால் என்ன என்பதற்கு நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் கர்ப்பிணித் தாயின் இரத்தச் சோகை. நம் பக்கத்துப் பிரச்சினை, எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு, ஒருவர் விட்டாலும் காரியம் கெடும்.

மிட்வைஃப் தாயைப் பதிவு செய்கிறார். கிளினிக்கில் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த குளிசை, விற்றமின் சி, கல்சியம், மூன்று மாதம் கடந்ததும் பூச்சி மருந்து, திரிபோஷச் சத்துமா எல்லாம் கொடுக்கப்படும். கொடுத்ததற்கு அடையாளம் அட்டையில் விழும். அடுத்த மாதம் இரத்தம் பார்த்தால் ஏறவில்லை. "குளிசை குடிக்கிறீங்களா?" என்று கேட்டால், "குடிக்கிறேன்" என்பார். பொய் சொல்லவில்லை. காலையில் நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் அவசரத்தில், எல்லாக் குளிசையையும் ஒரே வாயில் போட்டுச் சாயத் தண்ணியால் விழுங்கியிருக்கிறார். தேயிலையில் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. கல்சியமும் சேர்ந்து போனால் இரும்புக்கு இன்னொரு தடை. குளிசை உள்ளே போகிறது, இரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். தேயிலை நாட்டில் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியவர் யார்? மருந்தைக் கையில் கொடுப்பவர். "இரும்புக் குளிசையை ராத்திரி படுக்கும் முன் வெறும் தண்ணியில், விற்றமின் சியோடு, கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு, இரும்புக் குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணி வேண்டாம்." அரை நிமிட வேலை. ஆனால் நாம் யன்னலில் சொன்னதை மிட்வைஃப் வீட்டில் திரும்பச் சொல்ல வேண்டும், டிஸ்பென்சரியில் இருப்பவரும் அதையே சொல்ல வேண்டும். மூன்று பேர் மூன்று நேரம் சொன்னால் அந்த அம்மா தன் வசதிப்படி நாலாவது நேரம் ஒன்றைத் தெரிவு செய்துகொள்வார்.

சரி, ஒழுங்காகக் குடித்தும் ஏறவில்லை என்று வையுங்கள். இப்போது எம்.எல்.டி.யின் முறை. இரத்த அறிக்கையில் ஹீமோகுளோபின் எண் ஒன்றைத்தான் பலர் பார்ப்பார்கள். பக்கத்திலேயே செங்குருதிக் கலங்களின் பருமன் இருக்கும். கலங்கள் மிகச் சின்னதாக, ஆனால் எண்ணிக்கையில் நிறைய இருந்தால், இரும்புக் குறைவு மட்டுமல்லாமல் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவியாகவும், அதாவது தனக்கு நோய் இல்லாமல் அதைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவராகவும், இருக்கலாம் என்ற சந்தேகம் வர வேண்டும். அப்படியான ஒருவருக்கு, உடம்பில் இரும்பு குறைவா இல்லையா என்று பார்க்காமல் மாதக்கணக்கில் குளிசையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. அதைவிடப் பெரிய விடயம், கணவரும் காவியாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும். சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. இதை எம்.எல்.டி. கண்டு, அறிக்கையின் ஓரத்தில் ஒரு வரி எழுதி, டொக்டர் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு மிட்வைஃபுக்குச் சொன்னால்தான் அடுத்த பிள்ளைக்கு முன் அந்தக் குடும்பத்தோடு கதைக்க முடியும். அறிக்கை ஆஸ்பத்திரிக் கோவைக்குள்ளேயே இருந்துவிட்டால் எம்.எல்.டி.யின் கண்ணும் வீண், கருவியும் வீண்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, இதுவும் எம்.எல்.டி. சொல்லித்தான் பலருக்கு ஞாபகம் வரும். கர்ப்பிணிக்கு டெசிலீட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச் சோகை என்பது பொதுக் கணக்கு. ஆனால் உயரமான இடத்தில் வாழ்பவர்களுக்கு இயல்பாகவே ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதனால் உயரத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்திப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 11.3 என்று வந்த தாயை "சரியாக இருக்கிறது" என்று அனுப்புவதும், கொழும்பில் அதே எண் வந்தவரை அனுப்புவதும் ஒன்றல்ல.

இத்தனைக்குப் பிறகும் பாதிதான் முடிந்திருக்கிறது. திரிபோஷ 1973இல் இருந்து கொடுக்கப்படுகிறது. வீட்டில் அதை அம்மா மட்டும் சாப்பிடுவாரா? மூத்த பிள்ளை, மாமியார், பக்கத்துக் காம்பராப் பிள்ளை எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுப்பார். அது பாசம், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கணக்கில் அவர் சாப்பிட்டதாகத்தான் வரும். இதை உள்ளபடி அறிந்தவர் பிள்ளை மடுவத்து உத்தியோகத்தர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறது, யார் குடித்துவிட்டுச் சம்பளத்தை முடிக்கிறார் எல்லாம் அவருக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டு குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம் அளவில் இருக்க, தோட்டப் பகுதியில் 32 சதவீதம் அளவில் இருந்தார்கள். இந்த இடைவெளியை மூட நினைக்கும் எவரும் முதலில் கதைக்க வேண்டியது பிள்ளை மடுவத்து ஆளோடு. ஆனால் கூட்டங்களில் அவருக்குக் கதிரை போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி வாய். இலங்கை ஆண்களிடையே மற்ற எல்லாப் புற்றுநோய்களையும் விட அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். நம் பக்கத்தில் பெண்களும் வெற்றிலை போடுகிறார்கள். குளிருக்கும் பசிக்கும் மலையில் அதுதான் துணை. புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. வெள்ளைத் தழும்பு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம், உறைப்புப் பட்டால் எரிவு, இவை புற்றுநோய்க்கு முந்திய கட்டத்திலேயே தென்படும். பார்க்க ஒரு டோர்ச் போதும். பல் டொக்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு வந்தவரின் தொண்டையைப் பார்க்கும் டிஸ்பென்சரி ஐயா கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்க்கலாம். பிரஷர் பார்க்கும் தாதி பார்க்கலாம். பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பிள்ளைகளைத்தான் பார்ப்பார், ஆனால் பிள்ளையைக் கூட்டி வரும் அப்பாவின் வாய் சிவந்திருப்பது அவர் கண்ணில் படாமலா போகும்? சொல்வதற்கு ஓர் இடம் இருந்தால் சொல்வார்.

சீனி வருத்தம், பிரஷர் விடயத்தில் நிலைமை வேறு மாதிரி. 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் இயங்குகின்றன. 35 வயது தாண்டியவர்கள் வருத்தம் ஒன்றும் இல்லாமலே போய் எடை, பிரஷர், சீனி பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வார நாள் காலையில் போனால் அன்றைய பேர் இல்லை. வருத்தம் இல்லாத ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் பரிசோதனைக்கு வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே நிலையம்தான் ஆளைத் தேடிப் போக வேண்டும். பெரட்டுக்களத்திலோ கொழுந்து நிறுக்கும் இடத்திலோ தோட்டத்துச் சம்மதத்தோடு ஒரு தாதியும் ஒரு மருந்தாளரும் டிஸ்பென்சரி ஐயாவும் சேர்ந்து ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடும் ஆள்கள், கிளினிக்கில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாலும் வர மாட்டார்கள். இதற்கு டொக்டர் வர வேண்டியதில்லை. எண் கூடுதலாக உள்ளவர்களை மட்டும் அவரிடம் அனுப்பினால் போதும்.

வருத்தம் கண்டுபிடித்த பிறகுதான் மருந்தாளரின் உண்மையான வேலை. உதாரணமாக இன்சுலின். எழுதிக் கொடுப்பது சுலபம். லயத்தில் பிரிட்ஜ் இல்லை என்றதும் பலர் பயந்துபோய், "உங்களுக்குக் குளிசைதான் சரி" என்று தாமதிப்பார்கள். திறந்த குப்பியை 25 பாகைக்குள் சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். மேட்டுநில லயத்துக் காம்பராவில் அந்த வெப்பத்தைத் தாண்டுவது அடுப்படிதான். அடுப்புக்கு மேலே பரணில் வைக்காமல், வெயில் படாத சுவர்ப் பக்கம் வைக்கச் சொன்னால் முடிந்தது. இதை நான் சொல்லலாம், ஆனால் அது உண்மையில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று போய்ப் பார்க்க என்னால் முடியாது. வேறு அலுவலாக அந்த வீட்டுக்குப் போகும் மிட்வைஃபோ பி.எச்.ஐ.யோ ஒரு கண் பார்த்துச் சொன்னால் எனக்குப் போதும். அதேபோல் ஒரு மாத மருந்து வாங்கியவர் ஆறு வாரம் கழித்து வந்தால், இடையில் இரண்டு வாரம் குடிக்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். டொக்டருக்கு அது தெரியாமல் பிரஷர் கூடியிருக்கிறது என்று மருந்தைக் கூட்டுவார். கொப்பியில் "இரண்டு வாரம் மருந்து இல்லை" என்று ஒரு வரி எழுதினால் தேவையில்லாத கூடுதல் மருந்து தவிரும். விறகுப் புகையில் இருமும் அம்மாவுக்குக் கொடுத்த இன்ஹேலரை அவர் எப்படி இழுக்கிறார் என்று முன்னால் வைத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் இதே வகை. பாதிப் பேர் வாய்க்குள் அடிப்பார்கள், மூச்சை இழுக்க மாட்டார்கள்.

கொப்பி என்று அடிக்கடி சொல்கிறேன், காரணம் இருக்கிறது. கணினிப் பதிவு வரும், வரட்டும், நல்லது. ஆனால் இன்றைக்கு மூன்று நிர்வாகத்துக்கும் பொதுவாக இருக்கும் ஒரே ஆவணம், ஆள் பொலித்தீன் பையில் சுற்றித் தன் கையோடு கொண்டு வரும் அந்தக் கிளினிக் கொப்பிதான். பிள்ளைக்கென்றால் வளர்ச்சிப் பதிவேடு, கர்ப்பிணிக்கென்றால் அட்டை. டொக்டர் மாறிப்போவார், கொப்பி போகாது. ஆனால் அதில் டொக்டர் மட்டும்தான் எழுத வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் ஒன்று இருப்பதுபோல் மற்ற எல்லோரும் ஒதுங்கி நிற்கிறோம். பிசியோ சொல்லிக் கொடுத்த பயிற்சி, எம்.எல்.டி.யின் குறிப்பு, டிஸ்பென்சரியில் அவசரத்துக்குக் கொடுத்த மருந்து எல்லாம் அதில் ஏறினால் அதுவே குழு. நான் அறிந்த எந்தச் சுற்றறிக்கையும் இதைத் தடுக்கவில்லை. திகதி போட்டு, யார் எழுதியது என்று பதவிப் பெயரோடு ஒப்பமிட்டு எழுதினால் நல்ல டொக்டர் யாரும் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவர் இருந்தால் முதல் முறை நேரில் போய், "சேர், இப்படி ஒன்று கவனித்தேன், எழுதலாமா?" என்று கேளுங்கள். மலைநாட்டில் சின்ன ஆஸ்பத்திரியின் ஒரு நல்ல குணம், டொக்டரின் கதவு பத்தடி தூரத்தில்தான் இருக்கும்.

இனி பிசியோ. கொழுந்து எடுப்பவர்களின் கழுத்தும் இடுப்பும் தோளும் எப்படி இருக்கும் என்று உங்கள் அம்மாவையோ அத்தையையோ கேட்டாலே போதும். தலையில் கயிறு மாட்டி முதுகில் பாரம், சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே, மணிக்கணக்கில் கையை நீட்டி வேலை. நாற்பது வயதில் வலிக்குளிசை வாழ்க்கையாகிவிடுகிறது. வாயுவுக்கு ஒரு குளிசை, வலிக்கு ஒரு குளிசை, வலிக்குளிசையால் வந்த வயிற்றெரிவுக்கு இன்னொன்று, அதோடு பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் கெடும். நான் யன்னலில் கொடுப்பதில் பெரும் பகுதி இது. பிசியோ ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து, பாரத்தை எப்படித் தூக்குவது, எந்த நேரத்தில் இறக்கி வைப்பது, மாலையில் எந்தத் தசையை நீட்டுவது என்று பத்துப் பேராக உட்கார வைத்துச் செய்து காட்டினால் மருந்துச் செலவே குறையும். ஆனால் பிசியோக்கள் பெரும்பாலும் ஆதார வைத்தியசாலையிலும் அதற்கு மேலும்தான் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்து வாட்டில் இருந்து வீட்டுக்குப் போனவர், பயிற்சிக்காக வாரம் ஒரு தடவை த்ரீவீல் பிடித்துப் போய் வர எத்தனை பேருக்கு முடியும்? இரண்டாவது வாரத்தோடு நின்றுவிடும். கை மடங்கி, தோள் இறுகி, பிறகு ஒன்றும் செய்ய இயலாது.

இங்கே பிசியோ தன் வேலையின் ஒரு பகுதியை மற்றவர் கையில் கொடுக்கத் தயாராக வேண்டும். எல்லாத் தொழிலிலும் கசப்பான இடம் இதுதான். "என் வேலையை மிட்வைஃப் செய்வதா, டிஸ்பென்சரி ஆள் செய்வதா" என்ற கேள்வி சங்கக் கூட்டங்களில் எழும். நியாயமான பயமும் அதில் உண்டு, சம்பளமும் பதவியும் அதோடு பிணைந்திருக்கின்றன. ஆனால் தோளை அசைத்துவிடுவதை மகளுக்குச் சொல்லிக் கொடுத்து, சரியாகச் செய்கிறாரா என்று டிஸ்பென்சரி ஐயா வாரம் ஒரு தடவை பார்த்து, மோசமானால் பிசியோவுக்குப் போன் எடுக்கிறார் என்றால் பிசியோவின் தொழில் சின்னதாகவில்லை. வீடு எப்படி இருக்கிறது என்பதும் அப்படித்தான் தெரியவரும். இஸ்தோப்பில் இருந்து முற்றத்துக்கு மூன்று உயரப் படி, கக்கூசு வளவுக்கு அப்பால், மழையில் வழுக்கும் பாதை. வாட்டில் சமதரையில் நடந்து காட்டியவர் வீட்டில் ஏன் படுக்கையிலேயே இருக்கிறார் என்பதற்கு விடை அங்கேதான்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சிங்களத்தில் வருத்தத்தைச் சொல்ல வராது. இடையில் மொழிபெயர்ப்பவர் யார்? வாட்டுச் சிற்றூழியர், பக்கத்துக் கட்டில்காரர், சில நேரம் பாடசாலைக்குப் போகாமல் கூட வந்த பிள்ளை. மாதவிடாய்ப் பிரச்சினையைப் பதினொரு வயது மகன் வழியாக ஓர் அம்மா எப்படிச் சொல்வார்? வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் பனடோலோடு போய்விடுவார். 35 வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்யலாம் என்ற விபரமும் அப்படித்தான் கைநழுவும். தமிழ் தெரிந்த இணைச் சுகாதாரத் துறையினர் நம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் எத்தனையோ விடயம் நேராகும். ஆனால் ஒரு எச்சரிக்கை: தமிழ் தெரிந்தவர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் உங்களைக் கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளராகவே ஆக்கிவிடுவார்கள். செய்யுங்கள், ஆனால் உங்கள் சொந்தத் தொழில் அபிப்பிராயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ரகசியம் பற்றி ஒன்று. இப்போது குழு என்றாலே வாட்ஸ்அப் குழு என்றாகிவிட்டது. வசதிதான். ஆனால் ஒரு லயத்தில் பத்துக் குடும்பம், நடுவில் ஒற்றைச் சுவர். தோட்டத்தின் பெயரையும் வயதையும் போட்டாலே அது யார் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். பேரைப் போடவில்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து குடிக்கும் ஒருவரின் வாசலில் பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை நின்றால், மூன்றாம் நாள் அவருடைய பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் அவர் மருந்தையே விட்டுவிடலாம். இதற்குச் சில இடங்களில் நல்ல வழி கண்டிருக்கிறார்கள்: மருந்தைக் கண் முன்னே குடிக்க வைப்பதை டிஸ்பென்சரியில் வைத்துக்கொள்வது. அங்கே போகும் ஆள் தலைவலிக்கும் போவார், எவருக்கும் சந்தேகம் வராது. பி.எச்.ஐ., மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம், டிஸ்பென்சரி மூன்றும் ஒரு போனில் பேசி முடிக்கக்கூடிய ஏற்பாடு.

குழுவைக் கட்டப் புதிதாக ஒரு கமிட்டி போடத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். எம்.ஓ.எச். அலுவலகத்தில் மாதாந்தக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது. மிட்வைஃப்மாரும் பி.எச்.ஐ.மாரும் கணக்கு ஒப்படைக்கும் நாள். அதில் ஒரு அரை மணி நேரத்தை ஒதுக்கி, பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்து மருந்தாளரோ எம்.எல்.டி.யோ ஒருவரையும், தோட்டங்களில் இருந்து டிஸ்பென்சரி ஐயா ஒருவரையும் கூப்பிட்டு, போன மாதம் கைநழுவிய இரண்டு மூன்று ஆள்களைப் பற்றி மட்டும் கதைத்தால் போதும். பொதுவாகக் கதைக்கக் கூடாது. "ஒத்துழைப்பை மேம்படுத்த வேண்டும்" என்று தீர்மானம் எடுத்தால் பனிஸும் தேத்தண்ணியும்தான் மிஞ்சும். இன்ன ஆள் பிரசவத்துக்குப் பின் பிரஷர் கிளினிக்குக்கு வரவில்லை, யார் கடைசியாகப் பார்த்தது, நாளைக்கு யார் போவது, இவ்வளவுதான். தோட்ட நிர்வாகம் தன் ஆளை அந்த நாளில் அனுப்புமா என்பது ஒரு கேள்வி. தொரையோடு, அதாவது தோட்ட முகாமையாளரோடு, கதைக்க எம்.ஓ.எச். கடிதத்தோடு போனால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், தோட்டத் தலைவரும் கூட நின்றால் இன்னும் சுலபம்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, எதைத் தெரிவு செய்வது. ஐந்தும் நான்கு வருடப் பட்டங்கள், ஆங்கிலத்தில் படிப்பிப்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியும் மாவட்டமும் பாதியைத் தீர்மானிக்கும், மீதியைத்தான் நாம் கதைக்கலாம். நம் பக்கத்தில் வீடு வீடாகப் போகும் வேலை வேண்டும் என்றால் தாதியியல். தாதியாகி, பிறகு பொதுச் சுகாதாரப் பயிற்சியும் பெற்று எம்.ஓ.எச். பக்கம் போகும் பாதை அதில்தான் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனையோ பேரைச் சந்திக்கும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம்தான் கிடைக்கும் வேலை வேண்டும் என்றால் மருந்தகவியல். யாரும் பார்க்காத ஒன்றை நீங்கள் மட்டும் காணும் இடம் ஆய்வுகூடம், ஆனால் ஆள் முகம் தெரியாது. கதிர்ப்படவியல் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரியோடு கட்டிப்போடும், தடுப்புப் பக்கம் இடம் குறைவு. மலைநாட்டில் ஆள் இல்லாத இடம் எது என்று மட்டும் கேட்டால் நான் தயங்காமல் பிசியோ என்பேன், அதுவும் தமிழ் கதைக்கும் பெண் பிசியோ. கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பு வலியை ஓர் ஆணிடம் காட்டிப் பயிற்சி செய்யக் கூச்சப்படுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

படிவம் நிரப்பும் முன் ஒரு நாள் ஒதுக்கி உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஐயாவிடம் கேட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், இன்னொரு நாள் எம்.ஓ.எச். கிளினிக் நடக்கும் இடத்தில். பல்கலைக்கழகம் திறக்கும் வரை கிடைக்கும் மாதங்களில் சிங்களம் வாசிக்கவும் எழுதவும் பழகிக்கொள்ளுங்கள். பேசுவது கடைத்தெருவில் தானாக வந்துவிடும், ஆனால் வாட்டுக் குறிப்பையும் சுற்றறிக்கையையும் வாசிக்க எழுத்து வேண்டும். இசட் புள்ளி வந்த பிறகு விருப்ப வரிசை பற்றி மறுபடி கேளுங்கள், உங்கள் மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளியை வைத்துக்கொண்டு கதைக்கலாம்.